ரவுண்டா வந்த காஸ்டிங் பேப்பர்

எங்கள் கால்குலேட்டரில் புண்ணாக்கு வாசனை அடிக்கும்...

சேத்தியாத்தோப்பில் அப்பா வைத்திருந்த மாட்டுத்தீவனக் கடையில், கல்லாப்பெட்டி மேல் வருஷக்கணக்காகக் கிடந்தது அது. நான் பி.காம். சேர்ந்த பிறகு பரீட்சை நாட்களில் மட்டும் என்னோடு சிதம்பரம் வரும்.

செங்கல் சைஸ். மேலே ஒரு குட்டி ஸ்விட்ச். புள்ளிக்குப் பிறகு எத்தனை எண் வர வேண்டும் என்று அதில் மாற்றலாம். அப்பா எப்போதும் பூஜ்யத்தில் வைத்திருப்பார். மூட்டைக் கணக்கில் பைசாவுக்கு என்ன வேலை? பரீட்சை ஹாலுக்குள் நுழையும் முன் நான் அதை இரண்டுக்குத் தள்ளிவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் மறுபடி பூஜ்யம். செருப்பைக் கழற்றி விடுவது மாதிரி ஒரு பழக்கம். யாரிடமும் சொன்னதில்லை.

ஜெசிந்தா கடலூர் ஓ.டி.யிலிருந்து தினமும் பாசஞ்சரில் வருவாள். மூன்று வருஷமும் ஒரே பெஞ்ச். கடைசி செமஸ்டரில் அவளுக்கு ஒரே ஒரு அரியர், காஸ்ட் அக்கவுண்டிங். புதுச்சேரியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். அரியர் இருந்தால் எடுக்க மாட்டார்கள். அவளை வேலைக்கு அனுப்ப வீட்டில் சம்மதம் வாங்குவதற்கே ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அவளுக்குக் காலையில் பேப்பர். எனக்கு மதியம். அன்று ஒரே மேகமூட்டம். அவளுடைய சோலார் கால்குலேட்டரில் ஒரு எண்கூடத் தெரியவில்லை.

"உன்னுத குடுடி. இது வெயில் இல்லாம கண்ணே தொறக்க மாட்டேங்குது."

கொடுத்தேன். பெல் அடித்தது. ஓடினாள்.

ஒரு மணிக்குச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"எல்லாமே ரவுண்டா வந்துச்சுடி. ஒரு பாயின்ட் கூட இல்ல. இந்த தடவ பாஸ்தான்."

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். விடை முழு எண்ணாக வந்துவிட்டால் கணக்கு சரி என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. நான் ஸ்விட்சைப் பார்த்தேன். பூஜ்யத்தில் இருந்தது.

"சூப்பர்டி" என்றேன். ஸ்விட்சை இரண்டுக்குத் தள்ளிவிட்டு என் பரீட்சைக்குப் போனேன்.

ரிசல்ட்டில் அவள் ஃபெயில். அந்த வேலைக்கு வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்கள். அடுத்த தடவை எழுதிப் பாஸ் செய்தாள்... அதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

நான் சொல்லவில்லை. முதலில் பயம். அப்புறம், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு. அதற்கப்புறம் அதுவே பழகிவிட்டது.

இப்போது பிள்ளைகள் போனிலேயே கணக்குப் போடுகிறார்கள். பாயின்ட்டுக்குப் பின்னால் எண்கள் வால் மாதிரி நீளுகின்றன. எங்கள் மாதிரித் தப்பு அவர்களுக்கு நடக்க வழியே இல்லை.

போன மாதம் கடலூர் சில்வர் பீச்சில் ஜெசிந்தாவைப் பார்த்தேன். பிளஸ் டூ முடித்த மகளும் கூட வந்திருந்தாள். பி.காம். சேர வேண்டும் என்று அவள் அடம்பிடிக்கிறாளாம்.

"வேணாம்னு சொல்றேன், கேக்க மாட்டேங்குறா. எனக்கே காஸ்டிங் மண்டையில ஏறல. எம் பொண்ணுக்கு மட்டும் எங்க இருந்துடி வரும்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். மீதியைக் காக்காய்க்குப் போட்டுவிட்டேன். அன்றும் வாயைத் திறக்காமலே பஸ் ஏறினேன்.

ஜெசி, நீ இந்த வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. அன்றைக்கு நீ போட்ட கணக்கில் தப்பில்லை. திட்டுவதானால் என்னைத் திட்டு. பாப்பாவை பி.காமில் சேர்த்துவிடு.