போலந்து நோட்டீஸும் அப்பாவின் கோட்டும்

பிராஸ் பாசா சாலைப் பழைய புத்தகக் கடையில் அந்தப் புத்தகம் கிடைத்ததிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. முதல் உலகப் போருக்கு முந்திய போலந்துச் சுவரொட்டிகள். ஓர் எழுத்தும் புரியாது, எனக்கென்ன? நாடகத்துக்கான தாள் ஒன்றில் கீழ்மூலையில் ஒரு பெண், அவ்வளவுதான். மேலே முழுக்க ஒரே கறுப்பு. தலைப்பைக்கூட அச்சுக் கோக்காமல் கையாலேயே வரைந்திருந்தார்கள். அப்படி வெறுமனே விட ஒரு துணிச்சல் வேண்டும். நம் ஆட்களுக்கு ஏது? நம் நோட்டீஸில் தலைவர், செயலாளர், மாலை போட்ட புரவலர் என்று மூச்சுவிட இடமிருக்காது.

அப்போது நான் ஜாலான் புசாரில் சைன்போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாடகக் குழு நோட்டீஸ் கேட்டது. கதை ஒரு விதவையைப் பற்றியது. தாள் முழுக்கச் சிவப்பு, அடியில் சின்னதாக அவள், கையால் வரைந்த எழுத்து. வரைந்து கொடுத்தேன், அச்சடித்து ஒட்டியது அவர்கள். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் செய்வதும் ஒரு வேலைதான் என்று அவருக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு வெறி. ஞாயிற்றுக்கிழமை அவரைச் சிராங்கூன் சாலைக்கு அழைத்துப்போனேன்.

எதிர்ப்பக்கச் சுவரில் என் நோட்டீஸ். சிவப்பின் நட்ட நடுவில் யாருடைய போட்டோவோ அச்சாகியிருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது.

"பாத்தீங்களாப்பா? எந்தக் கழுதையோ காசக் குடுத்து நடுவுல மூஞ்சிய வச்சிருக்கு. வெக்கங்கெட்ட ஜென்மம்!"

அப்பா சாலையோரத்திலேயே நின்றுவிட்டார். நான் விறுவிறுவென்று சாலையைக் கடந்தேன்.

போட்டோவில் கோட்டும் டையும் போட்டிருந்ததால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அப்பா. ஸ்டூடியோக்காரன் கொடுத்த கோட்டு போலிருக்கிறது, தோளில் நிற்காமல் தொங்கியது. எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது.

அவர் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றார்.

"நாடகக் குழு செயலாளரு நம்ம வீட்டுக்கு வந்தாப்ல. நடுவுல எடம் காலியா கெடக்கு, யாரும் நன்கொட குடுக்கலன்னாப்ல. ஒன்னோட நோட்டீசு கொறையா நிக்கக் கூடாதேன்னுதான்…"

"நல்லாத்தான் இருக்குப்பா" என்றேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"சொரண்டுனா வந்துரும்ல?" என்று கேட்டுக்கொண்டே, அப்பா தன் முகத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.