சலவைக்கடை அக்காவின் கறுப்பு விரல்

தேர்தல் அன்று சலவைக்கடை அக்கா ஒரு புரட்சி செய்தாள். கால் கடுக்க வரிசையில் நின்று, வாக்குச்சாவடியின் வாசற்படி வரை போய், அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கிவிட்டாள். உலகமே ஆடிப்போயிருக்க வேண்டும். தலையணைப் பஞ்சு கொஞ்சம் அமுங்கியது, அவ்வளவுதான்.

படியேறும்போது அவள் கண்ட காட்சி அப்படி. குடைக் கட்சி வேட்பாளரும் வாளிக் கட்சி வேட்பாளரும் எதிர்ப்பக்கக் கடையில் தோள்மேல் கைபோட்டு நின்று, ஒரே பிஸ்கட்டை இரண்டாக உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். முந்தின நாள் வரை மைக்கைப் பிடித்து ஒருவர்மேல் ஒருவர் சேற்றை வாரி இறைத்தவர்கள். அதிலும் வாளிக்காரர் போன தேர்தலில் குடைக்காரராக இருந்தவர். அவருடைய சட்டைகள் அக்காவின் கடைக்குத்தான் வெளுக்க வரும். கட்சி மாறியும் காலருக்குள் இருந்த கடைக்குறி மாறவில்லை.

'இவங்களுக்காகவா என் வீட்டுல ரெண்டு பேரு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிட்டு எழுந்து போனாங்க?' என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த இரண்டு பேர், அவளுடைய தம்பியும் கொழுந்தனும். கணவர் கண்ணை மூடிய பிறகு கடையை விழாமல் தாங்கியவர்கள். பின்கட்டில் மெஷினும் தொட்டியும் தம்பி பொறுப்பு; முன்பக்கம் இஸ்திரி மேசை கொழுந்தன் பொறுப்பு. தேர்தல் வரும்வரை அவர்களுக்குள் நடந்த ஒரே சண்டை கறையைப் பற்றியது. எந்தக் கறை வந்தாலும் தம்பி எலுமிச்சையும் உப்பும் என்பான், கொழுந்தன் ஸ்பிரிட் என்பான். கத்தி முடித்து, 'மச்சான்', 'மாப்ளே' என்று ஒன்றாகச் சாப்பிட உட்காருவார்கள். தேர்தல் அறிவித்ததும் தம்பி வாளிக்குப் போனான், கொழுந்தன் குடைக்குப் போனான். மச்சானும் மாப்பிள்ளையும் 'அந்த ஆளு' ஆகிவிட்டார்கள்.

இருவரும் தனித்தனியாக வந்து அக்காவிடம் ஓட்டு கேட்டார்கள். வீரப் பெண்மணி அல்லவா! இருவரிடமும், "உனக்கில்லாமயா?" என்று சொல்லிவைத்தாள்.

தூங்கி எழுந்து விரலைப் பார்த்தபோதுதான் மாட்டிக்கொண்டது புரிந்தது. மை இல்லாத விரல், அப்போதுதான் வெளுத்த துண்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. இரண்டு பேரும் வந்து பார்ப்பார்களே! புரட்சிக்காரி கதவைச் சாத்தினாள். எந்தத் துணி யார் வீட்டுடையது என்று தெரியக் குறி போடுகிற மைப் புட்டியை எடுத்தாள். கொதிநீருக்கும் சலவைச் சோடாவுக்கும் அசையாத மை அது. குச்சியை முக்கி, நகத்துக்குக் குறுக்கே ஒரு இழுப்பு. விட்டது கவலை.

அன்று மாலை தம்பி அந்தக் கறுப்பைத் தூரத்திலிருந்து பார்த்து வாளியைக் கண்டான். கொழுந்தன் பார்த்துக் குடையைக் கண்டான். கிட்டே வந்து பார்க்க இருவருக்குமே தேவை இருக்கவில்லை.

குடை ஜெயித்தது. வாளி, அது மோசடி என்றது. கடையில் போர் மூண்டது. குடைக்காரர்கள் துணியைத் தம்பி ஈரம் சொட்டச் சொட்டத் தூக்கி வைத்தான். வாளிக்காரர்கள் சட்டைக்குக் கொழுந்தன் முதுகில் கோணல்மாணலாக மடிப்பு வைத்தான். ஊரில் யார் எந்தக் கட்சி என்பது நடையைப் பார்த்தே தெரிந்தது: ஒரு பாதி தும்மிக்கொண்டே போனது, மறுபாதி முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு போனது. எந்தக் கட்சியும் இல்லாதவர்களின் துணியை யாருமே தொடவில்லை. அந்தக் குவியல் மின்விசிறியைத் தொட்டு, உச்சியில் ஒரு பூனை குட்டி போட்டு, குட்டிகள் இறங்க வழி தெரியாமல் கத்தின.

"அக்கா, அந்த ஆளுகிட்ட சொல்லு, ஹேங்கர் வேணும்."

"அண்ணி, அந்த ஆளுகிட்ட சொல்லுங்க, வேணும்னா வந்து எடுத்துக்கட்டும்னு."

நடுவில் அக்கா பந்து மாதிரி ஓடினாள். புடவையை வாங்க வந்த டீச்சரம்மா குவியலை அண்ணாந்து பார்த்து, "இது கடையா, கட்சி ஆபீஸா?" என்று கேட்டுவிட்டுப் புடவை இல்லாமலே போனார்.

ஒருநாள் காலையில் வாசலில் ஒரு தட்டுவண்டி வந்து நின்றது. தம்பி வண்டிக்காரரோடு சேர்ந்து மெஷினை அதில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"நான் தனியாப் போறேன். நீயும் வா அக்கா. நம்ம ரெண்டு பேரும் ஒரே பக்கம்தானே."

"அண்ணி எங்கயும் வர மாட்டாங்க," என்று கொழுந்தன் இஸ்திரிப்பெட்டியோடு வெளியே வந்தான். "அவங்க எங்க பக்கம்."

வெளுக்கிறவன் ஒரு தெருவிலும் தேய்க்கிறவன் ஒரு தெருவிலும் இருந்தால் அதற்குக் கடை என்று பெயரா? கணவர் ஆணியடித்து மாட்டிய பலகை எந்தத் தெருவுக்குப் போகும்? 'நடுநிலையா நிக்கிறேன்னு படுத்துத் தூங்கினியே மகராசி, இப்போ நடுத்தெருவுல நிக்கிறே' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"எங்களுக்குப் போட்ட கை இது!" என்று தம்பி அவள் இடது மணிக்கட்டைப் பிடித்தான்.

"விடுய்யா! எங்களுக்குப் போட்ட விரல் இது!" என்று கொழுந்தன் அவள் ஆள்காட்டி விரலையே பிடித்து இழுத்தான். இழுத்தவன் குனிந்து பார்த்தான்.

"என்ன அண்ணி இது? ஒரு கோடு. கீழே ரெண்டு புள்ளி."

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆயுள் முழுக்கக் குறி போட்ட கை. கோட்டை இழுத்ததும் சும்மா நிற்குமா? தன் வீட்டுத் துணிகளுக்குப் போடுகிற இரண்டு புள்ளியையும் பழக்கத்தில் வைத்துத் தொலைத்திருந்தது.

தம்பி விரலை வெளிச்சத்துக்குத் திருப்பினான். "எங்களுக்கெல்லாம் மை போய் வாரக்கணக்காச்சு. இது நேத்து வச்ச மாதிரி இருக்கு." பிறகு மெதுவாக, "மச்சான், இது நம்ம வீட்டுத் துணிக்குப் போடற குறிதானே?"

"அதேதான் மாப்ளே. என் சட்டைக் காலர்ல இருக்கு, பாரு."

"அக்கா! நீ ஓட்டே போடலையா?"

"உங்க வேட்பாளருங்க ரெண்டு பேரும் பிஸ்கட்டைப் பங்கு போட்டுத் தின்னுட்டு நின்னாங்கடா," என்றாள் அக்கா. பத்திரிகைக்காரர்கள் கேட்டால் சொல்வதற்கென்று அவள் பொறுக்கி வைத்திருந்த பெரிய வார்த்தைகள் எல்லாம் அந்த நேரம் பார்த்து ஓடிவிட்டன. "அதான் வந்து படுத்துட்டேன்."

"பிஸ்கட்டா!" என்று கொழுந்தன் கத்தினான். "கேட்டியா மாப்ளே? ஜனநாயகமே ஒரு பிஸ்கட்ல போச்சு!"

"உன்னை மாதிரி ஆளுங்களாலதான் அக்கா நாடு இந்த லட்சணத்துல இருக்கு!"

"சரியாச் சொன்னே மாப்ளே. அதுல நம்மகிட்டயே கள்ளக் குறி வேற!"

"அடுத்த தடவை ஆளுக்கொரு கையைப் பிடிச்சு நாமளே கூட்டிட்டுப் போகணும் மச்சான். பிஸ்கட்டும் வாங்கிக் குடுத்து."

குடையும் வாளியும் ஒரே குரலில் அவளைக் காய்ச்சி எடுத்தன. அக்கா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்; சிரிப்பு தெரியக் கூடாதே! தேர்தல் அறிவித்த நாளிலிருந்து அவள் காதில் விழாத வார்த்தைகள், மச்சானும் மாப்பிள்ளையும் மாறி மாறி விழுந்தன. இப்படி ஒரு கூட்டணி அமையும் என்று தெரிந்திருந்தால் முகத்திலேயே குறி போட்டுக்கொண்டிருப்பாள்.

"முதல்ல இதை அழிக்கணும். ஊர் பார்த்தா மானம் போயிடும்," என்று கொழுந்தன் உள்ளே ஓடி ஸ்பிரிட் புட்டியோடு வந்தான்.

"ஸ்பிரிட்டுக்கெல்லாம் இது போகாது மச்சான். எலுமிச்சையும் உப்பும்தான்," என்று தம்பி கிண்ணத்தை நீட்டினான்.

"உன் எலுமிச்சை என்னைக்கு எந்தக் கறையை எடுத்திருக்கு?"

"எது வேணும்னு நீயே சொல்லு அக்கா."

அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த மை இரண்டுக்குமே அசையாது. கடைக்கு அதை வாங்கிப் போட்டவளே அவள்தான். 'ரெண்டும் உதவாது' என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லிவிட்டு மறுபடி நடுநிலை என்று எங்கே போய்ப் படுப்பது? கண்ணை இறுக்க மூடிக்கொண்டு விரலை ஸ்பிரிட் பக்கம் நீட்டினாள்.

"பாரு, எப்பவும் புகுந்த வீட்டுப் பக்கம்தான்," என்று முணுமுணுத்துக்கொண்டே தம்பி, மெஷினை இறக்கி வைக்கச் சொல்லி வண்டிக்காரரிடம் போனான்.