செனற்றருக்குப் போர்த்திய பொன்னாடை

இத்தாலியில், பலேர்மோவில் எங்கள் சனத்தில் ஒருவருக்கும் வாக்கு இல்லாத காலத்தில், தேர்தலைப் பற்றி ஓயாமல் கதைத்தவர் அந்தோனிமுத்து. மன்னார்ப் பக்கம் பேசாலைக்காரர். எண்பத்தெட்டில் வந்து, லிபெர்த்தா வீதியில் செனற்றர் ஒத்தாவியோ காம்பிசானோ வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். சமையல், துடைப்பு, உடுப்பு மினுக்கிறது, விருந்து நாளில் பரிமாறுகிறது எல்லாம் அவர்தான். நாங்களும் அதே வேலைதான் செய்தோம். ஆனால் நாங்கள் துடைத்தது டொக்டர்மாரின் வீட்டையும் தனித்துப்போன கிழவிமாரின் வீட்டையும். அவரோ அரசாங்கத்தையே துடைத்து வைப்பவர் போல நடப்பார். அதனால் செனற்றர் அண்ணை என்று பெயர் வைத்தோம். கேலிக்கு வைத்ததை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் முற்றத்தில் அவருடைய பாராளுமன்றம் கூடும். "எங்கடை செனற்றர் இந்தக் கிழமை கோயில் பள்ளிக்கூடங்களுக்கு ஆதரவாய் வாக்குப் போட்டவர்" என்பார். "வரி கூட்டுற சட்டத்துக்கு மாட்டன் எண்டிட்டார். கருக்கலைப்புக் கதை வந்தால் மனிசன் சிங்கம்." இதெல்லாம் விருந்து மேசையில் சூப் ஊற்றும்போது அவர் காதில் விழுந்தவை. செனற்றர் எதற்குக் கை தூக்கினார், எதற்கு மறுத்தார் என்பது அந்த மனிதரின் சொந்த மனைவியை விட அந்தோனிமுத்துவுக்குத்தான் கூடத் தெரியும் என்று நம்பினோம். வெளிநாட்டவர் விசயத்தில் அவர் எந்தப் பக்கம் என்று மட்டும் நாங்கள் கேட்கவில்லை, அந்தோனிமுத்துவும் சொல்லவில்லை. மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிற மனிதன் எங்களுக்கு எதிராகவா போகப்போகிறான் என்று இருந்துவிட்டோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

தொண்ணூற்றிரண்டில் தேர்தல் வந்தபோது அந்தோனிமுத்து எங்களைத் திரட்டிக்கொண்டு அந்த ஊரின் காவல் புனிதை றொசலியாவின் மலைக்கு நேர்த்தி வைத்து நடத்திக்கொண்டு போனார். வாக்கு இல்லாதவன் வேறு என்ன செய்வான்? கால்தானே இருக்கிறது. வெறுங்காலோடு ஏறினோம். செனற்றர் வென்றார். இரண்டு வருடத்தில் அவருடைய கட்சி ஊழல் கதைகளில் உடைந்துபோக, அவர் புதுக்கட்சி ஒன்றில் நின்றார். மறுபடி ஏறினோம், மறுபடி வென்றார். தொண்ணூற்றாறில் இன்னொரு கட்சி. அந்த முறை மயிரிழையில்தான் தப்பினார். "ஆள் ஒண்டுதான், சட்டைதான் வேறை" என்று அந்தோனிமுத்து எங்களுக்கு விளக்கம் சொன்னார். தில்லையம்பலத்தார் சைவக்காரர், அவரும் மூன்று முறையும் ஏறினவர். "ஆர் பெத்த பிள்ளையெண்டாலும் வெல்லட்டும், எங்கடை பெர்மெஸ்ஸோவை நீட்டித் தந்தால் சரி" என்பார்.

அந்தப் பெர்மெஸ்ஸோதான் எங்கள் உயிர். தங்கியிருப்பதற்கான அனுமதிக் கடதாசி. அதைப் புதுப்பிக்கக் குவஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தின் வாசலில் விடியமுன் போய் நிற்க வேண்டும். ஒரு முத்திரை குறைந்தால் மறுபடி வேறொரு நாள். தொண்ணூற்றெட்டின் தொடக்கத்தில் வெளிநாட்டவருக்குப் புதுச் சட்டம் வந்தது. ஐந்து வருடம் ஒழுங்காக இருந்தவர்கள் நிரந்தர அட்டை கேட்கலாம் என்றார்கள். பல்லரோ சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது இதைக் கேள்விப்பட்டு, மீனை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடியவர்கள் உண்டு.

அந்த ஞாயிறு எல்லாரும் அந்தோனிமுத்துவைச் சூழ்ந்துகொண்டார்கள். "உங்கடை செனற்றர் செய்து காட்டிப்போட்டார் அண்ணை." அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பே எங்களுக்குப் போதுமாக இருந்தது. தில்லையம்பலத்தார்தான் சொன்னார்: "மனிசனைக் கூப்பிட்டுப் பொன்னாடை ஒண்டு போர்த்த வேணும். நன்றி மறந்த சனம் எண்டு பேர் வரப்படாது." தமிழனுக்கு ஒரு நல்லது நடந்தால் யாரையாவது மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தாமல் நித்திரை வராது. பாரிஸ் லாசப்பல் தெருத் தமிழ்க் கடையில் சொல்லிச் சரிகை வைத்த பொன்னாடை வந்தது. பங்கு மண்டபம் எடுத்தாயிற்று. அழைப்பது மட்டும் அந்தோனிமுத்துவின் பொறுப்பு.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக் குசினியில் நடந்ததை அவர் கனகாலம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். செனற்றர் றோமில் நின்றபடியால் அழைப்பை முதலில் அவருடைய மனைவி சிஞ்ஞோராவிடம் சொல்லியிருக்கிறார். எதற்கு விழா என்று அவள் கேட்டாள். வெளிநாட்டவர் சட்டத்துக்கு நன்றி சொல்ல என்றார் இவர். சிஞ்ஞோரா சிரித்தாள். குத்தலான சிரிப்பும் இல்லையாம், அதுதான் கூட வலித்ததாம்.

"அந்தோனியோ, அதற்கு ஒத்தாவியோ எதிராக அல்லவா வாக்களித்தார். அதற்கு முன்னும் அப்படித்தான். இவ்விசயத்தில் அவர் ஒருநாளும் மாறினதில்லை. பரவாயில்லை, நான் சொல்லிவிடுகிறேன். அவருக்கு விழாக்கள் பிடிக்கும்."

என்ன விழா என்பதை அவள் சரியாகச் சொல்லவில்லை போல. வீட்டு வேலையாளின் சனம் மரியாதை செய்கிறது என்ற மட்டில் செனற்றர் வர ஒப்புக்கொண்டார்.

உண்மையைச் சொல்லத்தான் அந்தோனிமுத்து சனிக்கிழமை மண்டபத்துக்கு வந்தார். வந்து பார்த்தால், பெண்கள் றோல்ஸ் உருட்டிக்கொண்டிருக்கிறார்கள், சின்னப்பிள்ளைகள் வரவேற்பு நடனம் பழகுகிறார்கள். பொன்னாடையை விரித்துக் காட்டிய றோசமலர், "எல்லாம் உங்களாலைதான் அண்ணை. நீங்கள் இல்லாட்டி எங்களை ஆர் திரும்பிப் பார்க்கிறது?" என்றாள். வாயைத் திறந்தால் பத்து வருட மானம் அதே இடத்தில் கொட்டுப்படும். அவர் வாயைத் திறக்கவில்லை. கதிரைகளை எண்ணுகிறவர் மாதிரி நின்றுவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிறு பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. செனற்றர் வெள்ளைத் தலையும் நீலக் கோட்டுமாக வந்தார். மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். தில்லையம்பலத்தார் ஒலிவாங்கியைப் பிடித்துத் தன் இத்தாலியனில் அந்தச் சட்டத்துக்காக நன்றி சொன்னார். செனற்றரின் முகம் அப்போதுதான் மாறியது. அந்தோனிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். மொழிபெயர்க்க அவர்தான் பக்கத்தில் நின்றார். மேடையென்றால் மொழிபெயர்ப்பும் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம், தேவை இருக்கோ இல்லையோ.

செனற்றர் நிதானமாகத் தன் மொழியில் பேசினார்.

"இந்த மரியாதைக்கு நான் உரியவன் அல்ல. அந்தச் சட்டத்துக்கு எதிராகத்தான் வாக்களித்தேன். அது கதவை அளவுக்கு மேல் திறந்துவிடுகிறது என்பது என் நம்பிக்கை. நாளைக்கு மறுபடி வந்தாலும் எதிராகத்தான் வாக்களிப்பேன். ஆனால் உங்களை எனக்குப் பிடிக்கும். அந்தோனியோ எங்கள் வீட்டில் ஒருவர்."

ஒலிவாங்கி அந்தோனிமுத்துவின் கைக்கு வந்தது.

"செனற்றர் சொல்லுறார்," என்று தொடங்கினார், "உங்கடை அன்பைப் பாத்துத் தனக்குப் பேச்சு வரேல்லையாம். சட்டத்துக்காகத் தான் செய்தது சின்ன வேலைதானாம். இனியும் எங்களுக்காக நிப்பாராம்."

றோல்ஸ் தட்டோடு நின்றவர்கள் நின்றபடி நின்றார்கள். முன்வரிசையில் இருந்த றோசமலர் தலையைக் குனிந்துகொண்டு முதலில் கைதட்டினாள். பிறகு தில்லையம்பலத்தார் தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். தன் நேர்மைக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்த செனற்றர் நெஞ்சில் கைவைத்துக் கும்பிட்டார். அந்தோனிமுத்து நெற்றி வியர்வையைத் துடைத்தார். தப்பிவிட்டேன் என்றே அந்த மனிதர் நம்பினார்.

தேத்தண்ணி கொடுக்கும்போது செனற்றர் புறப்பட எழுந்தார். அந்தோனிமுத்து அவர் கழற்றி வைத்திருந்த கோட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். றோசமலர் போய்ச் செனற்றரின் கையைப் பிடித்தாள். பதினொரு வருடமாக ஒரு வக்கீல் வீட்டில் வேலை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இத்தாலியனில் கதை சொல்லி நித்திரையாக்கியவள். மண்டபத்தில் இருந்த அரைவாசிப் பேர் அவளைப் போலத்தான். பிசிறில்லாத இத்தாலியனில் அவள் சொன்னாள்:

"எதிராக வாக்களித்ததை எங்களிடம் மறைக்காமல் சொன்னீர்கள். அதற்கு நன்றி, செனற்றர்."

செனற்றர் மகிழ்ச்சியோடு அவள் கையைக் குலுக்கிவிட்டுக் காருக்குப் போனார், பொன்னாடையோடேயே. கோட்டு அந்தோனிமுத்துவின் கையில் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"எல்லாருக்கும் விளங்கினதோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை."

"அப்ப என்னத்துக்குக் கைதட்டினனீங்கள்?"

"உங்களுக்குத்தான்" என்றாள் றோசமலர். "சனத்துக்கு முன்னாலை நீங்கள் தனிய நிண்டீங்கள். எங்களாலை பாக்கேலாமல் போச்சு."

அவளைத் தாண்டி அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு நின்றோம். அடுத்த ஞாயிறு அவர் பூசைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூன்று முறை மலை ஏறியவர்கள் நாங்களும்தானே. எந்த முகத்தோடு போவது?