கழற்றக் கூடாத மோதிரம்

சித்திக்கு நிச்சயதார்த்த மோதிரம் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கே நிச்சயம் என்பதுபோல் துள்ளிக்கொண்டிருந்தேன். அப்போது மூன்றாம் வகுப்பு. என்னையும் கூட்டிப் போகவேண்டும் என்று அழுது, தரையில் புரண்டு, காரியத்தைச் சாதித்து, பட்டுப் பாவாடையும் கட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். "கடைக்குப் போறதுக்கு எதுக்குடி பட்டுப் பாவாட?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பட்டு நெய்கிற வீட்டில் பிறந்துவிட்டு அதை எப்போதுதான் உடுத்துவதாம்?

சித்தி அம்மாவின் தங்கை. பிள்ளையார்பாளையத்தில் எங்களோடுதான் இருந்தாள். காலேஜ் முடிக்கும்வரை அம்மாவுக்குப் பக்கத்துத் தறியில் உட்கார்ந்து நெய்தவள், அந்த வருஷம்தான் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காலையில் தோளில் பையை மாட்டிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்க மணியடித்தபடி சைக்கிளில் அவள் கிளம்புகிற அழகே அழகு. வேலை அவளுக்கு உயிர். கனவில்கூட கணக்குப் போடுவாள். பக்கத்தில் படுத்த எனக்குத்தான் தெரியும்.

ஐயம்பேட்டையிலிருந்து வந்த வரன் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று, சித்தி உள்பட. ஒரே ஒரு சிக்கல். அவர்கள் வீட்டில் ஒரு தறி ஆளில்லாமல் கிடந்தது. பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையின் அம்மா கேட்டுவிட்டார்: "பொண்ணு தறியில உக்காருமா?"

"தறி இன்னாங்க, பாவு நீட்டுறதுல கூட என் தங்கச்சிய அடிச்சுக்க ஆளில்ல!" என்று அம்மா மூச்சுவிடாமல் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் சண்டை பிடித்துக்கொண்டது. "வேலைய விட மாட்டேன்னு ஒரு வார்த்த சொன்னியாக்கா?" என்றாள் சித்தி. "கல்யாணம் ஆவட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள் அம்மா. "அப்பறம் யாரு பாக்கறது? நீயா வந்து பாக்கப் போற?" என்று சித்தி கத்தினாள். நல்ல இடம் கையைவிட்டுப் போய்விடக் கூடாதே என்ற பயம் அம்மாவுக்கு. சித்தி வாயைத் திறந்து எதையாவது உளறிவைக்கக் கூடாது என்று சித்தியை என் தலைமேல் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எனக்கு இதெல்லாம் காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. என் நினைப்பெல்லாம் மோதிரம்!

மோதிரம் மாப்பிள்ளை வீட்டார் போடுவது. கெம்புக்கல் வைத்ததாகத்தான் இருக்கவேண்டும் என்பது மாப்பிள்ளையின் அம்மாவுடைய பிடிவாதம். தங்கம் விற்கிற விலையில் அவர் கையிலிருந்த காசுக்குப் புதிதாக எடுத்தால், கல் இருக்கும், தங்கம் கம்மல் திருகாணி அளவுக்கு இருக்கும். அதனால்தான் பழைய நகை விற்கும் பாய் கடைக்குப் போனோம். ஷேர் ஆட்டோவில் அம்மா மடியில் நான், பக்கத்தில் சித்தி, எதிரே மாப்பிள்ளையின் அம்மா. சித்தி வெளியே பார்த்தபடியே வந்தாள். நான் எல்லாருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு வந்தேன்.

"வாங்கம்மா, உக்காருங்க. குட்டிக்கு ஒரு கலர் வாங்கியாரச் சொல்லட்டா?" என்று பாய் கேட்டபோதே அவர் உலகத்திலேயே நல்ல மனிதர் என்று எனக்கு முடிவாகிவிட்டது. பன்னீர் சோடா வந்தது. கூடவே ஒரு வெள்ளைத் துணியில் இரண்டு மோதிரங்களும் வந்தன.

ஒன்று அந்தக் காலத்தது. கெட்டித் தங்கம், கல்லைச் சுற்றி ஓரத்தை மடித்து அழுத்தியிருந்தார்கள். பின்பக்கம் மூடியிருந்ததால் வெளிச்சம் புகாமல் கல் அடக்கமாகச் சிவந்திருந்தது. இன்னொன்று யாரோ கொஞ்ச நாள் போட்டுவிட்டு விற்றது. நாலு தங்க நகங்கள் கல்லைத் தூக்கிப் பிடித்திருந்தன. அப்பப்பா, அது மின்னிய மின்னல்! மாதுளை முத்தைப் பிதுக்கி வைத்ததுபோல் இருந்தது. நான் சோடாவை மறந்தேன். "சித்தி, இது! இது! இதுதான்!" என்று பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தினேன்.

"கீழ எறங்குடி," என்றாள் அம்மா. பிறகு பாயிடம் திரும்பி, "ஏன் பாய், ஒருத்தர் போட்ட கல்லு இன்னொருத்தருக்கு ஆவுமா? அவங்க பீடை நம்மளப் புடிச்சிக்கினா?" என்றாள்.

"அப்டிப் பாத்தா இந்தப் பழசும் யாரோ போட்டதுதானம்மா?"

"அவங்கதான் செத்துப் பூட்டாங்களே! பீடையும் கூடவே போயிருக்கும். இத வித்தவங்க உசுரோடதான இருக்கறாங்க?"

பாய் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கிவிட்டது. "பொண்ணு வளைகாப்புக்கு வளையல் எடுக்கணும்னு குடுத்துட்டுப் போனாங்கம்மா. சந்தோசமா வித்த சாமான்," என்றார். இரண்டும் ஒரே விலைதான், பழசில் தங்கம் கூட, புதுசில் கல் பெரிசு, பழசை அளவு மாற்றச் சூடு காட்டினால் கல் தாங்காது என்றெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னார். ஆனால் அளவு மாற்றவே வேண்டியிருக்கவில்லை. இரண்டும் சித்தியின் விரலில் அப்படியே பொருந்தின.

அம்மாவுக்குப் பழசுதான் என்று மனதில் விழுந்துவிட்டது. சம்பந்தியம்மாவைக் குளிரவைக்க, "நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தக் கழட்டவே கூடாதுங்க. குளிக்கசொல்லோ, தூங்கசொல்லோ, எதுக்கும் கழட்டக் கூடாது. எங்க வூட்டுப் பழக்கம். அதனால கெட்டியா இருக்கறதே எடுத்துடலாம்," என்றாள். அப்படியொரு பழக்கம் எங்கள் வீட்டில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மாப்பிள்ளையின் அம்மா சுருக்குப் பையைத் திறந்து ஒரு பட்டு இழையை எடுத்தார். எங்கள் பக்கத்தில் தறியில் உட்காரும் பெண்ணுக்கு மோதிரம் எடுத்தால், கல்லைப் பார்ப்பதெல்லாம் அப்புறம். முதலில் மோதிரத்தின்மேல் பட்டிழையை ஓட்டிப் பார்ப்பார்கள். நாளெல்லாம் கை, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு இழைகளின்மேலேயே புழங்கும். மோதிரத்தில் ஒரு பிசிறு இருந்தாலும் இழை மாட்டி அறுந்து, சேலை பாழ். அவர் பழைய மோதிரத்தின்மேல் இழையை இழுத்தார். வெண்ணெயில் போவதுபோல் போயிற்று. மின்னுகிற மோதிரத்தின்மேல் இழுத்தார். தங்க நகத்தில் இழை சிக்கிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். பட்டென்று அறுந்தது.

போச்சு! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அப்போ பழசே இருக்கட்டும்," என்றார் அவர்.

"எனக்கு இது வேணும், அத்தை," என்றாள் சித்தி. மின்னுகிறதைக் காட்டினாள்.

"இழ மாட்டுதேம்மா?"

"மாட்டட்டும், அத்தை."

அம்மா முந்தானைக்கடியில் கையைவிட்டுச் சித்தியின் தொடையைக் கிள்ளினாள். குறி தப்பி அது என் தொடையாகப் போயிற்று. நான் வீல் என்று அலறினேன். அந்தக் களேபரத்திலும் அம்மா விடவில்லை. "சின்னப் பொண்ணு, பளபளன்னு கீறதப் பாத்து மயங்கிட்டா. ஒண்ணியும் பிரச்சின இல்லீங்க, தறியில உக்காரும்போது கழட்டி வெச்சிட்டா ஆச்சு!" என்றாள்.

"கழட்டவே கூடாதுன்னியேக்கா? நம்ம வூட்டுப் பழக்கம்னு?" என்றாள் சித்தி. முகம் நிமிர்ந்தே இருந்தது.

பாய் குனிந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கா, ஆனந்தம் தாங்கவில்லை! கிள்ளு வாங்கிய வலிகூடப் போய்விட்டது. மின்னலுக்கு என்னைப் போலவே சித்தியும் மயங்கிவிட்டாள், எங்கள் கட்சிதான் ஜெயித்தது என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா மோதிரத்தை எடுத்தார். பாயிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தால், தன் விரலில் போட்டுக்கொள்ளப் பார்த்தார். தறியில் காய்த்துப்போன கணுவைத் தாண்டி அது உள்ளே இறங்கவில்லை. அப்படியே எழுந்து கடை வாசலுக்குப் போய், கையை வெயிலில் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். "அம்மா, அவங்களே எடுத்துக்கப் போறாங்க! கேளும்மா!" என்று நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

ஒருவழியாகத் திரும்பி வந்தார். கழற்றினார். சித்தியின் கையைப் பிடித்து அவரே போட்டுவிட்டார்.

"ஆபீசு எத்தினி மணிக்கும்மா?"

"ஒம்பதரைக்கு, அத்தை."

"அப்போ காலைல சீக்கிரம் சோத்துக்கு ஒல வெக்கணும்," என்றார்.

சித்தி கடையிலேயே, பாய் எதிரிலேயே, அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். பளபள மோதிரம் கிடைத்ததற்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வீடு திரும்பும்வரை நான் அம்மாவை அரித்தெடுத்தேன். "பெரியவங்களா இருந்துக்கினு அடுத்தவங்க மோதிரத்தப் போட்டுப் பாக்கலாமா? ஆச தான? ஆசதானம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஆமாம், ஆசைதான் என்றாள் அம்மா. அதற்கு ஏன் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்று நான் யோசிக்கவில்லை. பாவம் சித்தி, போயும் போயும் இப்படி ஒரு பேராசைக்கார மாமியாரா வாய்க்கவேண்டும் என்று எனக்கு ஒரே கவலை. மோதிரத்தைத் தூங்கும்போதுகூடக் கழற்றிவிடாதே, அவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள் என்று சித்தியிடம் ரகசியமாக எச்சரித்தும் வைத்தேன்.