கணுத்தட்டையும் தனக்கோடியின் பிடிவாதமும்

விருத்தாசலத்துப் பொம்மைக் கம்பெனி ஒன்றில் தனக்கோடிக்குத் தேய்ப்பு வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் முதுகிலே, அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில், மெல்லிசாக ஒரு வரப்பு நிற்கும். அதைத் தேய்த்து எடுக்காமல் சூளைக்குப் போனால் பொம்மைக்குத் தழும்பு விழுந்துவிடும். எல்லாரும் உப்புத்தாளால்தான் தேய்த்தார்கள். அதிலிருந்து உதிரும் பொடி சூளையில் வெந்து, வெள்ளைக் கிருஷ்ணன் கன்னத்தில் கரும்புள்ளியாக உட்கார்ந்துகொள்ளும்.

அதற்கு வழி கண்டது தனக்கோடி. மணிமுத்தாற்றில் தண்ணீர் கசியும் மணலோரம் இலையே இல்லாமல் கணு கணுவாக நிற்கும் ஒரு பூண்டை, விரலுக்குச் சொரசொரவென்று இருக்கிறதே என்று அறுத்துக் காயவைத்துத் தேய்த்துப் பார்த்தாள். முதுகு வழவழவென்று ஆனது, புள்ளியும் இல்லை. ஊரில் அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை. கம்பெனிப் பெண்கள் கணுத்தட்டை என்றார்கள். பருத்தது முதுகுக்கு. கணுவைச் சுற்றிக் குச்சி விட்டுக் கிளைக்கிற மெலிசு ரகம் மூக்குக்கும் விரல்களுக்கும். அவளுக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புதான். ஆனாலும் கம்பெனியில் தட்டையால் தேய்க்கிற மேடை அவள் கையால் ஏற்பட்டது.

எழுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் அவள் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டாள். திரும்பி வந்த அன்று சூளை பிரித்தார்கள். இருநூறு பொம்மைக்கு மேல் முதுகில் வரப்பு அப்படியே நின்றது. சுடுமுன் மண்தூள் மூடியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

மேஸ்திரி ராஜமாணிக்கம் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஒரு பொம்மையை அவள் முன்னால் வைத்து, "புல்லு பூண்டெல்லாம் இதோட போதும், தனக்கோடி. நாளையிலேர்ந்து உப்புத்தாளுதான். நீ மண்ணு சுமக்கிற பக்கம் போயிடு" என்றார்.

காய்ச்சல் விட்ட உடம்புக்கு மண்கூடை ஆகாது. அதைவிட, தன் தட்டையின்மேல் விழுந்த பழிதான் அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

பக்கத்து மேடைக் கமலத்தக்கா, அவளுக்கு ஆறு வயது மூத்தவள், ஆறுதலுக்கு வந்தாள். "கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டிடுடி. அவரு பாத்துக்குவாரு."

"யாரு பேர எழுதறது, அக்கா? தப்பு யாருதுன்னு தெரியாம சாமிகிட்ட ஒருத்தர் பேரக் குடுக்கலாமா?"

தெரிந்துகொண்டுதான் எழுதுவது என்று முடிவு கட்டி, முருகா என்று நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, மேடையில் மிச்சமிருந்த தட்டைக் கட்டைப் பிரித்தாள். பார்வைக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தது, அதே காய்ந்த பச்சை, அதே கணு. ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கணுவிலே சட்டென்று கழன்று வந்தது. கழன்ற இடத்தில் சின்ன உறை, அதன் விளிம்பில் கறுப்பாகப் பொடிப் பல். அடுத்ததை இழுத்தாள். கழலவில்லை, நாராகக் கிழிந்தது. உறையும் இல்லை, பல்லும் இல்லை. மேலே தடவினால் மெழுகு. கணு என்று கண்ணுக்குத் தெரிந்தது, உள்ளேயிருக்கும் தடுப்புகள் காய்ந்து வெளியே வளையமாகத் தெரிந்ததுதான். குளத்துக் கோரை. அந்தக் கட்டுக்குள் முக்கால்வாசி அதுவே.

"இது எங்கேர்ந்துக்கா வந்துச்சு?"

கமலத்தின் முகம் சுண்டிவிட்டது. கருவேப்பிலங்குறிச்சியில் தன் வூட்டுப் பக்கத்துக் குளத்தில் அறுத்ததாம். நீ படுத்திருக்கியே, தட்டை தீந்துபோச்சே, அதே மாதிரி இருக்குதேன்னு அறுத்தேன் என்றாள்.

தனக்கோடி அவளைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டையிலும் கோரையிலும் ஒவ்வொரு பிடி எடுத்துக் கலந்துகொண்டு மேஸ்திரியின் மேஜைக்கு நேரே போனாள்.

"கண்ண மூடிக்கிட்டு இழுத்துப் பாருங்க மேஸ்திரி."

சிரித்துக்கொண்டே இழுத்தவர், ஒன்று கழன்று ஒன்று கிழிய, நாலாவது தட்டையில் சிரிப்பை நிறுத்தினார். யார் அறுத்தது என்று கேட்டார்.

"கட்டு மேடைக்கு வந்தா சோதிக்கிறது என் பொறுப்புங்க. சோதிக்கிற விதத்தை யாருக்கும் சொல்லாம வெச்சிருந்தது என் தப்பு. பேரு வேணும்னா என் பேர எழுதிக்குங்க."

அவர் கிழிந்த கோரையை மேஜைமேல் போட்டார். பிறகு, ஐம்பது பொம்மை தருகிறேன், ஒன்றில் வரப்பு தெரிந்தாலும் மண்கூடைதான் என்றார்.

"ஐம்பது எதுக்குங்க, நூறு குடுங்க. கமலத்தக்காவும் என்கூட உக்காரட்டும்."

மூன்று நாள் இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு தட்டையையும் ஒரு கணு கழற்றிப் பார்த்த பிறகே பொம்மைமேல் வைத்தார்கள். நடுவில் தனக்கோடிக்குத் தலை சுற்றியது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

சூளை பிரித்த அன்று ராஜமாணிக்கம் நூறையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, கட்டைவிரல் நகத்தை முதுகில் ஓட்டினார். நகம் எங்கேயும் தட்டவில்லை. மேடையில் அடுக்கியிருந்த உப்புத்தாளை வாரிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிடங்குப் பக்கம் நடந்தார்.