பக்கத்து நட்சத்திரம்

வானாய்வுக்கூடத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘தராசு’. எல்லாரையும் எடைபோடுவார், தன்னை மட்டும் தட்டில் வைத்ததில்லை. ஒரு நட்சத்திரம் மங்கிச் சாகிறது என்று நிரூபிக்கப் பல வருடங்களைச் செலவழித்தார். மங்குவதை அளக்க, பக்கத்தில் ஒளி மாறாத இன்னொரு நட்சத்திரத்தோடு ஒப்பிட வேண்டும். அது மாறாதது என்று அவரே முடிவுகட்டிவிட்டார். சரிபார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

கட்டுரை அச்சுக்குப் போகவிருந்த வாரம், உடன் பணியாற்றும் பெண் அந்த இரண்டையும் மூன்றாவது ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

“சார், உங்க நட்சத்திரம் அப்படியேதான் இருக்கு. பக்கத்துல இருக்கிறதுதான் பிரகாசமாகிட்டே போகுது.”

“அதுக்கு என்ன கேடு வந்துச்சு?” என்று நட்சத்திரத்தைத் திட்டினார்.

கட்டுரை குப்பைக்குப் போயிற்று. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிப் புலம்பினார். அவள் சிரித்துவிட்டாள்.

“கல்யாணம் ஆனதுலேருந்து ‘நீ மாறிட்டே, மாறிட்டே’ன்னு என் உயிரை எடுக்கிறீங்களே, அதை எதோட ஒப்பிட்டுச் சொன்னீங்க?”

“இதென்ன கேள்வி? என்னோடதான்” என்றார், கொஞ்சமும் கூசாமல்.