முள்ளை நம்பாத பலவேசம்

புதுச் சாமான் எதுவானாலும் பலவேசம் முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு காதருகே வைத்துக் குலுக்குவார். கம்பம் ஊரில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். சோறு வெந்துவிட்டதென்று மனைவி மூக்கம்மாள் சொன்னால்கூட, ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்த பிறகுதான் இலைமுன் உட்காருவார். "எவன் சொன்னான்?" என்பது அவர் வாயில் எந்நேரமும் இருக்கும் கேள்வி.

யுத்தம் தொடங்கிய வருஷம், போடி ஏலக்காய் வியாபாரி வைகுண்டராஜ் தம் சிவப்புக் காரை மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார். இரண்டே பேர் உட்காரக்கூடிய, வேகத்துக்கென்றே செய்த சீமை வண்டி. எஞ்சினில் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் முள் மூன்று நாளாகப் படுத்துக் கிடந்தது. அந்த முள்ளுக்குச் செய்தி அனுப்புவது எஞ்சின் பக்கவாட்டில் திருகியிருக்கும் பித்தளைக் குமிழ். மதுரையிலிருந்து புதிதாக ஒன்று வாங்கி வந்திருந்தார். குமுளித் தோட்டத்தில் அவர் மனைவி சண்முகத்தாய் குளிர்காய்ச்சலில் கிடந்தாள். அன்றே அவளை மலையிலிருந்து இறக்கி வர வேண்டும். எண்ணெய் ஓடாமல் மலையேறினால் பாதி வழியில் எஞ்சின் இறுகிவிடும்.

வியாபாரிக்கும் சந்தேக புத்திதான். கழற்றிய பழைய குமிழை உடனே வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பலவேசத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுக் குமிழை மாட்டி எஞ்சினைக் கிளப்பியதும் முள் விறுவிறுவென்று ஏறி உச்சியில் நின்றது. வைகுண்டராஜ் துள்ளி எழுந்தார். பலவேசம் எஞ்சினை நிறுத்திவிட்டு, மின்சாரம் மட்டும் வரும்படி சாவியைத் திருப்பி வைத்தார். முள் இறங்கவில்லை.

"எஞ்சினே ஓடலை. எந்த எண்ணெயப் பாத்து இது சொல்லுது, மொதலாளி?"

"நல்ல சரக்குன்னு கடையில சொன்னாக, மேஸ்திரி. அங்கன காய்ச்சக்காரி காத்துக் கெடக்கா."

"எண்ணெய் வத்திப் போனாலும் இது இப்படித்தான் நிக்கும்."

குமிழைக் கழற்றி எஞ்சினை ஒரு கணம் கிளப்பினார். துளையிலிருந்து எண்ணெய் பீறிட்டு அவர் சட்டையை நனைத்தது. எண்ணெயில் குறையில்லை. பிறகு மின்கம்பியை விரலால் தடவிக்கொண்டே போனார். தகட்டு விளிம்பில் அதன் உறை கிழிந்து, செம்பு வண்டியின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது; அதனால்தான் முள் உச்சியிலேயே நின்றது. கிழிசல் புதிது.

"கடைக்காரன் தப்பில்லை. மாட்டும்போது என் கைதான் இழுத்துக் கிழிச்சிருக்கு."

வைகுண்டராஜ் அதுவரை பலவேசத்தின் கையை விட்டு அகற்றாத பார்வையை முதல்முறையாக அவர் முகத்துக்கு உயர்த்தினார்.

கம்பிக்கு நாடா சுற்றிக் குமிழை மறுபடி திருகியதும், சாவியை மட்டும் திருப்பியபோது முள் படுத்தே கிடந்தது. எஞ்சின் ஓடியதும் பாதி ஏறி நின்றது. அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை. இருந்தும் பலவேசம், மலையடிவாரத்துக் கூடலூர் வரை தானும் வருவதாகச் சொல்லி, கேட்காமலே ஏறி உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும் தோள் துண்டை உருவி முள் தெரியாதபடி மூடினார். கண்ணையும் மூடிக்கொண்டு, எஞ்சின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தார்.